ரொக்கம் தந்தால் மலிவு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் வடகிழக்குச் சிற்றூர்களில் வெளிவந்த வாரப் பத்திரிகைக்குப் பெரும்பாலும் நான்கே பக்கம். பெரிய தாள் ஒன்றை இருபுறமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் பத்திரிகை ஆயிற்று. அந்த நான்கில் கணிசமான இடத்தை விளம்பரங்கள் பிடித்துக்கொள்ளும். பல ஏடுகளில் முதல் பக்கத்திலேயே அவை உட்கார்ந்திருக்கும். உள்ளூர்ச் செய்திக்கு இடம் குறைவு. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருடைய வைக்கோல் கொட்டகை எரிந்தது என்பதெல்லாம் பத்திரிகை வருமுன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். நியூயார்க்கிலிருந்து எந்தக் கடைக்கு என்ன சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்பதுதான் தெரியாது. கடைக்காரரின் விளம்பரம் அந்த ஊரில் உண்மையிலேயே செய்தியாக இருந்தது.

விளம்பரத்தை அளக்க 'சதுரம்' என்றொரு கணக்கு உண்டு. ஒரு பத்தியின் அகலமும் ஏறக்குறைய அதே உயரமும் கொண்ட இடம் ஒரு சதுரம். ஒரு சதுரத்தை மூன்று வாரம் போட ஒரு டாலர் என்பது பல ஏடுகளில் இருந்த கட்டணம். பத்திரிகை ஆசிரியரே அச்சகத்துக்கு முதலாளி, அச்சுக்கோப்பவர், சந்தா வசூலிப்பவர் எல்லாம். காசில்லாத சந்தாதாரரிடம் விறகும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு கணக்கை நேர் செய்த ஆசிரியர்கள் நிறைய. கடைக்காரர் ஆண்டுக் கட்டணத்துக்குச் சதுரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார். அடிக்கடி மாற்றி எழுதித் தர அவருக்கும் நேரம் இருக்காது, மறுபடி எழுத்துக் கோக்க அச்சகத்துக்கும் மனம் இருக்காது. நிறுத்தச் சொல்லும்வரை போடலாம் என்பதற்கு விளம்பரத்தின் அடியில் இரண்டே எழுத்தில் ஒரு குறி இருக்கும். அதன் விளைவாக, வசந்தகாலத் துணிகள் இப்போதுதான் வந்திறங்கின என்ற அறிவிப்பைப் பனி கொட்டும் டிசம்பரிலும் படிக்க நேரும்.

அந்தக் கால விளம்பரம் ஒன்றை உற்றுப் பார்த்தால் அது பெரும்பாலும் ஒரு பட்டியல். சீட்டித் துணி, மஸ்லின், கம்பளி, நாடா, பொத்தான், தேயிலை, சர்க்கரைப்பாகு, ரம், ஆணி, கண்ணாடிச் சட்டம், வெடிமருந்து, பைபிள், எழுத்துக்கூட்டுப் புத்தகம் என்று மூச்சு விடாமல் ஓடும். அடுத்தடுத்த சாமான்களுக்கு ஒன்றோடொன்று உறவே இருக்காது. ஒரே கடையில்தான் எல்லாம் கிடைத்தன. நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்தப் பட்டியல்களில் மெட்ராஸ் கைக்குட்டையும் 'புலிகாட்' கைக்குட்டையும் இடம் பெற்றன. புலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். கட்டம் போட்ட அந்தத் துணிக்கு இருந்த கிராக்கியைப் பார்த்து ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே பெயரில் போலி நெய்து விற்கத் தொடங்கினர். ஊர்ப்பெயர் துணியின் பெயராகி, கடைசியில் ஊரோடு சம்பந்தமே இல்லாத துணிக்கும் ஒட்டிக்கொண்டது.

சரக்கு வரும் காலத்தை நீர்வழிதான் நிர்ணயித்தது. ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்கும் 363 மைல் நீள ஈரி கால்வாய் 1825இல் திறக்கப்பட்டது. பஃபலோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு டன் சரக்கை ஏற்ற அதற்குமுன் 100 டாலர் வரை ஆனது. கால்வாய் வந்தபின் அது 10 டாலர் அளவுக்கு இறங்கியது. ஆனால் குளிர்காலத்தில் கால்வாய் உறைந்துவிடும். கடைக்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், நியூயார்க்குக்கோ பாஸ்டனுக்கோ போய் மொத்த வியாபாரிகளிடம் கொள்முதல் செய்து வருவார். படகு வந்த வாரத்தில் விளம்பரத்தின் தலைப்பு 'புதுச் சரக்கு' என்று மாறும். பழைய சரக்கு அதே வாரத்தில் தன்னாலேயே 'மலிவு' ஆகிவிடும்.

இன்றைய வாசகருக்கு இந்த விளம்பரங்களில் உறுத்தும் விஷயம், பெரும்பாலானவற்றில் விலையே இல்லை என்பது. மலிவு, வெகு மலிவு, இவ்வூரில் எவரும் தராத மலிவு என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. வார்த்தைக்குப் பஞ்சம் இல்லாதவர்கள் எண்ணை மட்டும் ஏன் மறைத்தார்கள்? காரணம் எளிது. ஒரு பொருளுக்கு ஒரு விலை என்பது அன்று இல்லை. வாங்குபவர் யார், இன்றைக்கே காசு தருவாரா, அறுவடைக்குப் பின் தருவாரா, காசாகத் தருவாரா வெண்ணெயாகத் தருவாரா என்பதையெல்லாம் பார்த்துத்தான் விலை. அச்சில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் பேரத்துக்கு இடம் போய்விடும்.

கடைக்குள்ளும் விலை மறைபொருள்தான். துணியில் தொங்கும் சீட்டில் எண் இருக்காது, எழுத்துகள் இருக்கும். ஒரே எழுத்து இருமுறை வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றைக் கடைக்காரர் தேர்ந்துகொள்வார்; முதலெழுத்து 1, இரண்டாவது 2, பத்தாவது சுழி. 'கறுப்புக் குதிரை' என்று பொருள்படும் 'பிளாக் ஹார்ஸ்' ஆங்கிலத்தில் அப்படிப் பத்து வெவ்வேறு எழுத்துகள் கொண்டது. அதன் ஐந்தாம் எழுத்தும் ஏழாம் எழுத்தும் சீட்டில் இருந்தால் அடக்க விலை 57 சென்ட். அதற்குக் கீழே போகாமல் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பது சிப்பந்திக்குத் தெரியும், எதிரே நிற்கும் விவசாயிக்குத் தெரியாது. தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று சொல்வது இதைத்தான்.

விலை மறைந்திருந்ததற்கு இன்னும் ஆழமான காரணம் கடன். சிற்றூரில் காசு அரிது. விவசாயிக்கு ஆண்டில் ஒரு முறைதான் பணம் பார்க்க முடியும். மற்ற மாதங்களில் எல்லாம் பேரேட்டில் பற்று. கடைக்காரரும் நகரத்து மொத்த வியாபாரியிடம் ஆறு மாதம், ஓராண்டு தவணையில்தான் வாங்கியிருப்பார். அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் வட்டி உண்டு. தனியாகச் சொல்லாமல் விலையிலேயே கலந்துவிடுவார்கள். வாராக்கடனும் அதில்தான் அடங்கும். ஆக, கடனுக்கு வாங்குபவர் தம் பற்றை அடைப்பதோடு, ஊரைவிட்டு ஓடிப்போனவரின் பற்றிலும் கொஞ்சம் அடைத்தார். இந்தத் தொழிலில் நொடித்தவர்களுள் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூரில் 1832, 33 வாக்கில் வில்லியம் பெர்ரி என்பவரோடு கூட்டாக அவர் நடத்திய கடை கடனில் மூழ்கியது. அதைத் தம் 'தேசியக் கடன்' என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார்.

இதைப் புரிந்துகொண்டால் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்றொடரின் பொருள் விளங்கும்: ரொக்கத்துக்கு மலிவு. 'மலிவு' அங்கே பொருளைப் பற்றிய சொல் என்பதைவிடக் கொடுக்கும் முறையைப் பற்றிய சொல். கையில் காசு வைத்திருப்பவருக்கு, மற்றவர்கள் சுமக்கும் வட்டியையும் வாராக்கடனையும் கழித்துத் தருகிறேன் என்பதுதான் சலுகை. காசுக்கு அடுத்த இடம் 'உடனடிச் சரக்கு'க்கு. வெண்ணெய், முட்டை, கோதுமை, கம்பளி, இறகு, தேன்மெழுகு, கந்தல் துணி, சாம்பல் எல்லாம் ஏற்றுக்கொள்ளப்படும் என்று விளம்பரத்தின் வால்பகுதி சொல்லும். காடு வெட்டி எரித்த சாம்பலைக் காய்ச்சிப் பொட்டாஷ் எடுத்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். கந்தல் காகித ஆலைக்குப் போயிற்று. அந்த விளம்பரம் அச்சான தாளே எப்போதோ யாருடைய கிழிந்த சட்டையாகவோ இருந்திருக்கும்.

அதே பத்தியில், சலுகை அறிவிப்புக்குச் சில அங்குலம் தள்ளி, அதே கடைக்காரரின் இன்னொரு அறிவிப்பும் இருக்கும்: பற்று வைத்திருப்போர் உடனே வந்து கணக்கை முடிக்க வேண்டும், தவறினால் கணக்கு வக்கீலிடம் போகும். ஒரு கையால் அழைப்பு, மறுகையால் மிரட்டல். பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டி வந்த இந்த மிரட்டலைப் படித்தே கடையின் நிலவரத்தை ஊர் ஊகித்திருக்கும்.

விலையைச் சொன்ன விளம்பரங்களிலும் எண்கள் விசித்திரமானவை: 6¼ சென்ட், 12½ சென்ட், 18¾ சென்ட், 37½ சென்ட். அமெரிக்காவுக்கென்று நாணயச்சாலை இருந்தும் புழக்கத்தில் இருந்த சில்லறையில் பெரும்பங்கு ஸ்பானிய வெள்ளிக்காசு. ஸ்பானிய டாலர் எட்டு ரியால் கொண்டது. ஒரு ரியால் 12½ சென்ட், அரை ரியால் 6¼ சென்ட். வீசமும் அரைக்காலும் பழகிய தமிழ்க் கணக்குப்பிள்ளைக்கு இது சிரமமே தந்திருக்காது. 6¼ சென்ட் டாலரில் வீசம், 12½ அரைக்கால். குழப்பம் வேறிடத்தில் இருந்தது. நியூயார்க் மாநிலத்தார் வாய்ப்பேச்சில் ஒரு டாலருக்கு எட்டு ஷில்லிங் என்றனர். நியூ இங்கிலாந்தில் ஆறு ஷில்லிங். கஜம் ஒரு ஷில்லிங் என்ற அறிவிப்பு மாநில எல்லையைத் தாண்டினால் வேறு விலை. அந்நியக் காசுகளின் சட்டப்பூர்வச் செல்லுபடி 1857இல்தான் நீக்கப்பட்டது. நோட்டுகளின் கதை இன்னும் மோசம். தனித்தனி வங்கிகள் அச்சிட்ட ஆயிரக்கணக்கான வகை நோட்டுகள் உலவின. கள்ள நோட்டு அதில் கலந்திருந்தது. தொலைவில் உள்ள வங்கியின் நோட்டைக் கடைக்காரர் வட்டம் கழித்துத்தான் வாங்குவார். எந்த வங்கி நோட்டை முழு மதிப்புக்கு ஏற்போம் என்று சொல்வதே ஒரு சலுகை விளம்பரமாக இருந்தது.

ரொக்கம், ஒரே விலை, மலிவு ஆகிய மூன்றையும் சேர்த்து உரக்கக் கூவியவர்களில் ஒருவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். நான்டக்கெட் தீவில் 1822இல் பிறந்து, பதின்வயதில் திமிங்கில வேட்டைக் கப்பலில் போய்த் திரும்பிய ரோலண்ட் மேசி, பாஸ்டனில் கடை வைத்துத் தோற்று, கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தில் அங்கும் கடை வைத்து, 1851இல் மாசசூசெட்ஸின் ஹேவரில் நகருக்கு வந்து சேர்ந்தார். மெரிமாக் ஆற்றங்கரையில் காலணித் தொழிலால் வளர்ந்துகொண்டிருந்த சிற்றூர் அது. கடைக்கு அவர் வைத்த பெயரே 'ஹேவரில் மலிவுக் கடை'. ரொக்கத்துக்குத்தான் வாங்குவேன், ரொக்கத்துக்குத்தான் விற்பேன், யாருக்கும் ஒரே விலை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விடாமல் விளம்பரம் செய்தார். பற்று எழுதிப் பழகிய ஊரில் இது கொஞ்சம் முரட்டுத்தனமான கொள்கை. 1855இல் கடை மூடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவில் அதே கொள்கையோடு சின்னக் கடை ஒன்றைத் திறந்தார். முதல் நாள் விற்பனை 11 டாலர் 6 சென்ட். அதுதான் இன்றைய மேசீஸ். சிற்றூர் அவரைத் தாங்கவில்லை என்று சொல்வதைவிட, ரொக்கம் தரக்கூடிய கூட்டம் நகரத்தில்தான் இருந்தது என்று சொல்வது பொருந்தும்.

விளம்பரத்தின் தோற்றமும் இதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம், விலையும் அதிகம். நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் 1827இல் மர எழுத்துகளை இயந்திரத்தால் கடைந்தெடுக்கும் வழியைக் கண்டபின், உள்ளங்கை அகல எழுத்துகள் சிற்றூர் அச்சகத்துக்கும் எட்டின. சுவரொட்டிகளும் துண்டு நோட்டீசுகளும் பெருகின. பத்திரிகைக்குள் கவனம் ஈர்க்க வேறு வித்தைகள்: விளம்பரத்தைத் தலைகீழாக அச்சிடுவது, ஒரே வரியைப் பத்துமுறை அடுக்குவது, சுட்டுவிரல் நீட்டிய கையைப் போடுவது. எழுத்து வார்ப்பகம் விற்ற அச்சுக்கட்டைகளில் ஒரு பூட்ஸ், ஒரு தொப்பி, ஒரு கப்பல் இருக்கும். பல ஊர்ப் பத்திரிகைகளில் அதே பூட்ஸ்தான். போர், தங்கம், பெருந்தீ என்று செய்தித் தலைப்புப்போல் தொடங்கி மூன்றாம் வரியில் சால்வை விற்பனைக்கு இறங்கும் விளம்பரம் அன்றே பழகிய தந்திரம்.

மலிவுக்கு ஒரு சாக்கு வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. காரணமில்லாமல் விலை குறைத்தால் சரக்கின் மேல் சந்தேகம் வரும். கடை இடம் மாறுகிறது, பங்குதாரர் பிரிகிறார், தீயை அணைத்தபோது நனைந்த சரக்கு, நொடித்த கடையின் சரக்கு, அடக்க விலைக்கே காலி செய்கிறோம் என்று சாக்குகள் நீண்டன. 1837, 1857, 1873 ஆகிய ஆண்டுகளின் நிதி நெருக்கடிகளில் அவை சாக்கல்ல, நிஜம். மொத்த வியாபாரி நெருக்கியதும் கைக்கு வந்த விலைக்குத் தள்ளியவர்கள் பலர். நல்ல காலங்களிலும் அதே சொற்கள் தொடர்ந்ததுதான் வேடிக்கை. கூர்மையான கடைக்காரர் இன்னொன்றும் செய்தார்: எல்லாருக்கும் விலை தெரிந்த சர்க்கரையையும் சீட்டியையும் அடக்க விலைக்குக் கொடுத்துவிட்டு, விலை சுலபத்தில் ஒப்பிட முடியாத தேயிலையிலும் சால்வையிலும் பிடித்துக்கொண்டார்.

உள்நாட்டுப் போர் இந்த உலகத்தைக் கலைத்துப் போட்டது. 1862இல் மத்திய அரசே எங்கும் சட்டப்படி செல்லும் நோட்டை அச்சிடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒரு டாலர் நோட்டு பெரும்பாலான ஊர்களில் ஒரு டாலர்தான் என்றாயிற்று. போர்க்காலத்தில் எகிறிய பருத்தித் துணி விலை போர் முடிந்ததும் இறங்கத் தொடங்கி, மற்ற விலைகளோடு சேர்ந்து முப்பது ஆண்டுகள் இறங்கிக்கொண்டே போனது. ரயில் வந்தபின் சரக்கு ஆண்டுக்கு இருமுறை வராமல் வாரந்தோறும் வந்தது; வாடிக்கையாளரும் அதே ரயிலேறி நகரத்துக்குப் போய்வர முடிந்தது. இனி விலையை மறைத்துப் பயனில்லை. 1870களிலும் 80களிலும் விளம்பரப் பத்தியில் எண்கள் கொட்டை எழுத்தில் முன்னுக்கு வந்தன. 'வெகு மலிவு' போய், சீட்டி கஜம் 5 சென்ட், காலுறை ஜோடி இவ்வளவு என்று வரிக்கு வரி விலை. முன்பு சீட்டிலும் மறைத்த எண் இப்போது விளம்பரத்தின் தலைப்பு.

பத்திரிகையும் மாறியது. போருக்கு ஆள்கள் போய்விட்டதால் 1861இல் விஸ்கான்சினின் பேரபூ என்ற ஊரில் ஆன்செல் கெல்லாக் என்ற ஆசிரியர், தாளின் ஒரு பகுதியை வெளியூரில் அச்சிட்டு வாங்கி, மீதியை மட்டும் உள்ளூரில் அடித்தார். பின்னர் சிகாகோவில் அதையே தொழிலாக்கினார். கதை, துணுக்கு, மருந்து விளம்பரம் எல்லாம் அச்சான பாதித்தாள் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போயிற்று. உள்ளூர்க் கடைக்காரரின் மலிவு அறிவிப்புக்கு முதுகுப்புறம் இப்போது நாடு முழுவதும் விற்கும் டானிக்கின் படம்.

விலையே விளம்பரம் என்ற போக்கின் உச்சியைத் தொட்டவர் ஃபிராங்க் ஊல்வொர்த். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் 1873இல் முதல் மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலைக்குச் சேர்ந்தவர். விற்பனைத் திறமை போதாது என்று பெயர் வாங்கியவர். சாமான் அடுக்குவதில் கெட்டி. 1878இல் அந்தக் கடையில் ஒரு மேசை நிறையச் சில்லறைச் சாமான்களை அடுக்கி, எதை எடுத்தாலும் 5 சென்ட் என்று பலகை வைத்தார்கள். பேரமில்லை, பற்று இல்லை, சிப்பந்தியிடம் கேட்கவும் வேண்டியதில்லை. மேசை காலியாயிற்று. 1879 பிப்ரவரியில் யூட்டிக்காவில் ஊல்வொர்த் தனியாகத் திறந்த ஐந்து சென்ட் கடை சில மாதங்களில் படுத்துவிட்டது. ஜூன் 21 அன்று பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் மறுபடி திறந்தார். அன்றைய விற்பனை 127 டாலர் 65 சென்ட். ஒவ்வொன்றும் 5 சென்ட் என்றால் கைமாறிய சாமான் இரண்டாயிரத்தைந்நூறுக்கு மேல். பத்திரிகை விளம்பரத்தை அவர் பெரிதாக நம்பியவரல்ல. விலையைக் கடையின் பெயராகவே எழுதி வைத்தபின் பத்திரிகையில் சொல்ல மிச்சம் என்ன?

சிற்றூர்க் கடைக்கு அதைவிடப் பெரிய சோதனை தபாலில் வந்தது. சிகாகோவில் மான்ட்கோமரி வார்ட் 1872இல் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு விவசாயிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். அது ஆண்டுக்கு ஆண்டு தடித்து நூற்றுக்கணக்கான பக்கங்களாயிற்று. 1890களில் சியர்ஸ் சேர்ந்துகொண்டது. 1896இல் கிராமப்புற வீடுகளுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியபின், விலைப்பட்டியல் விவசாயியின் கைக்கே வந்தது. கடைக்காரர்கள் ஆத்திரத்தில் அந்த நிறுவனங்களுக்குக் கேலிப்பெயர் சூட்டினர். சில ஊர்களில் பட்டியல்களைக் குவித்துக் கொளுத்தவும் செய்தனர். உள்ளூரிலேயே வாங்குங்கள் என்ற வேண்டுகோள் விளம்பரங்களில் ஏறியது.

விலையில் சிகாகோவோடு மோத முடியவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் விளைச்சல் பொய்த்த விவசாயிக்கு இடமில்லை. பணத்தை முன்கூட்டி அனுப்பியாக வேண்டும், அல்லது சரக்கு வந்த அன்றே கட்ட வேண்டும். அரை நூற்றாண்டாகப் பற்று எழுதுவதை ஒழிக்கப் பாடுபட்ட உள்ளூர்க் கடைக்காரர், தம்மிடம் மட்டும் இருந்த ஒன்றைக் கண்டுகொண்டு, பழைய பேரேட்டை மறுபடி எடுத்துத் தூசி தட்டினார். புத்தாண்டு வந்ததும், பாக்கிக்காரர்களுக்கான அந்தப் பழைய அறிவிப்பும் பத்திரிகையில் தன் இடத்துக்குத் திரும்பியது.